கோயில் காரியத்துக்குக் கூலி கேட்கலாமா?

சேலத்திலிருந்து நாமக்கல் செல்லும் நெடுஞ்சாலையில், புதுச்சத்திரத்தை அடுத்து உள்ளே விலகிக் கிடக்கும் ஒரு சிற்றூர். திருவிழா முடிந்த மூன்றாம் நாள் இரவு, சிறு கோயிலின் முற்றத்தில் வரவு செலவுக் கணக்கு வாசிக்கப்பட்டது. பந்தல்காரருக்குப் பணம் கொடுத்தாயிற்று. ஒலி, ஒளி அமைத்தவருக்கும் ஜெனரேட்டர்காரருக்கும் கொடுத்தாயிற்று. வாணவேடிக்கைக்கும் சமையலுக்கும் ரொக்கமாகவே முன்கூட்டிக் கொடுத்தாயிற்று. எஞ்சியிருந்தது ஒன்றே: பேண்டு வாத்தியக் குழுவுக்குத் தரவேண்டிய பாதித் தொகை.

ஏழு பேர் கொண்ட குழு அது. மூன்று மாலைகள் வாசித்திருந்தார்கள். தேர்ப்பவனி நள்ளிரவு தாண்டிக் கோயிலுக்குத் திரும்பும்வரை வாசித்தார்கள். குழுவின் மூத்தவர், கிளாரினெட் வாசிப்பவர், வாசற்படியின் ஓரமாக நின்றுகொண்டிருந்தார். உட்காரச் சொல்ல எவருக்கும் தோன்றவில்லை. அவருடைய முறை வந்தபோது, அவருக்கு மகன் வயதுடைய ஒருவர் சிரித்துக்கொண்டே கேட்டார்: “ஏம்பா, கோயில் காரியத்துக்குப் போயி கூலி கேக்கலாமா? புண்ணியமுன்னு நெனச்சுக்க.” பெரியவர், “சரிங்க” என்று மட்டும் சொன்னார். சற்று நேரம் நின்றார். பிறகு போய்விட்டார்.

நாமும் அங்கேதான் இருந்தோம். நாமும் வாய் திறக்கவில்லை. அந்த வெட்கத்திலிருந்து எழுதப்படுவதே இக்கட்டுரை. அன்று கேட்கப்பட்ட கேள்விக்கு அன்றே தந்திருக்க வேண்டிய மறுமொழியை, காலந்தாழ்ந்தேனும் தர விரும்புகிறோம்.

முதலில் ஒன்றைத் தெளிவாக்கிக்கொள்வோம். அந்தக் கேள்வி பந்தல்காரரிடம் கேட்கப்படவில்லை. ஜெனரேட்டர்காரரிடமும் கேட்கப்படவில்லை. டீசலுக்குப் புண்ணியம் விலையாகாது என்பதை நம் குழுவினர் நன்கு அறிவர். மூச்சை ஊதி வாசிப்பவனுக்கு மட்டும் புண்ணியமே போதும் என்று நாம் எண்ணுகிறோம். ஏன்?

இக்கேள்வி புதுச்சத்திரத்தில் பிறந்ததன்று. திருச்சபை தன் மடியில் வைத்து இசை கற்பித்து, பிறகு எங்கே போனார்கள், என்ன ஆனார்கள் என்று கேளாமலே விட்டுவிட்ட ஒரு கலைஞர் கூட்டம் நம் நாட்டிலேயே உண்டு. கோவாவிலிருந்து பம்பாய்க்குச் சென்ற கத்தோலிக்க ஜாஸ் இசைஞர்களே அவர்கள். அவர்களுடைய வாழ்வைச் சற்றே திரும்பிப் பார்த்தால், நம் ஊர் வாசற்படியில் நின்ற பெரியவரை இன்னும் தெளிவாகக் காணலாம்.

ஜாஸ் என்பது அமெரிக்கக் கறுப்பின மக்களிடையே, நியூ ஆர்லியன்ஸ் நகரில், பத்தொன்பதாம் நூற்றாண்டு முடிந்து இருபதாம் நூற்றாண்டு தொடங்கிய காலத்தில் உருப்பெற்ற இசை. ஒரு மெட்டை எடுத்துக்கொண்டு, வாசிப்பவன் அந்தந்த நேரத்துக் கற்பனையால் அதை விரித்துச் செல்வான். நம் கருநாடக இசையில் மனோதர்மம் என்போமே, அதற்கு நெருங்கிய உறவு. டிரம்பட், கிளாரினெட், டிராம்போன், பறைகள் ஆகியவையே அதன் தொடக்கக் கருவிகள். அவை நம் பேண்டு குழுவின் கருவிகளே அல்லவா! நியூ ஆர்லியன்ஸில் ஒருவர் இறந்தால், கல்லறைக்குப் போகும்போது பேண்டு குழு துயரப் பாடலை மெல்ல வாசிக்கும்; அடக்கம் முடிந்து திரும்பும்போது உயிர்ப்பின் மகிழ்ச்சி தோன்ற விரைந்து வாசிக்கும். சவ ஊர்வலத்தின் முன்னே பேண்டு செல்லும் நம் ஊர்களுக்கு இது அந்நியமான காட்சியன்று.

அந்த இசையின் தலைமகனாகப் போற்றப்படும் லூயி ஆம்ஸ்ட்ராங், தாம் 1900 ஜூலை 4ஆம் நாள் பிறந்ததாகவே வாழ்நாள் முழுவதும் சொல்லி வந்தார். அவர் உண்மையில் பிறந்தது 1901 ஆகஸ்டு 4 என்பது, அவர் இறந்து பல ஆண்டுகள் கழிந்த பின், 1980களில்தான் தெரியவந்தது. எதைக் கொண்டு தெரிந்தது? அந்நகரின் இயேசுவின் திருஇருதயக் கத்தோலிக்கக் கோயிலின் திருமுழுக்குப் பதிவேட்டைக் கொண்டு! அந்தப் பதிவேடு குழந்தையின் பெயரோடு நிற்கவில்லை; அதன் தோலின் நிறத்தையும், பெற்றோர் மணம் புரியாதவர்கள் என்பதையும் சேர்த்தே குறித்து வைத்திருக்கிறது. தண்ணீர் ஊற்றி மகனாக்கிக்கொண்ட கையே, அவன் எந்த வரிசையில் நிற்க வேண்டும் என்பதையும் எழுதிவிட்டது. நம் பங்குகளின் வரலாற்றை அறிந்தவர்கள் இதைப் படித்து வியக்கமாட்டார்கள்.

இனி கோவாவுக்கு வருவோம். போர்த்துக்கீசியர் ஆட்சிக் காலத்தில் அங்கே கோயிலை ஒட்டிப் பங்குப் பள்ளிகள் இயங்கின. எழுத்தோடும் மறைக்கல்வியோடும் இசையும் அங்கே கற்பிக்கப்பட்டது. ஐந்து கோடுகளில் எழுதும் மேலை இசைக் குறியீட்டைப் பார்த்த மாத்திரத்தில் பாடவும் வயலின் வாசிக்கவும் ஏழைப் பிள்ளைகள் பழகினார்கள். திருப்பலியில் பாடுவதற்கென்று கற்பித்த கல்வி, பிழைப்பு தேடிப் பம்பாய்க்குச் சென்றபோது அவர்களுக்குச் சோறு போட்டது. பம்பாயில் ‘குட்’ என்று கொங்கணியில் வழங்கும் ஊர் விடுதிகளில் அவர்கள் தங்கினார்கள். ஒவ்வோர் ஊராருக்கும் ஒரு விடுதி, அதில் ஒரு பீடம், இரவில் செபமாலை. இந்த விடுதிகளிலிருந்து புறப்பட்டே பலர் ஓட்டல் மேடைகளுக்குச் சென்றார்கள்.

1935ஆம் ஆண்டு லியோன் அபே என்ற கறுப்பின வயலின் கலைஞர் தம் குழுவுடன் பம்பாய் தாஜ்மகால் ஓட்டலுக்கு வந்தார். அவரைத் தொடர்ந்து கிரிக்கெட் ஸ்மித், டெடி வெதர்ஃபோர்டு முதலியோர் வந்தனர். வெதர்ஃபோர்டு 1945இல் கல்கத்தாவில் காலராவால் இறந்தார். பிறந்த நாட்டில் தோலின் நிறத்தால் ஒதுக்கப்பட்ட கலைஞர்கள் இங்கே வந்து வாசித்தார்கள். நம் கத்தோலிக்க இளைஞர்கள் அவர்களோடு இருந்து கற்றார்கள். அவ்வாறு கற்றவர்களுள் ஒருவர் அல்டோனா ஊரில் 1916இல் பிறந்த அந்தோணியோ சேவியர் வாஸ். ‘சிக் சாக்கலேட்’ என்ற மேடைப் பெயரால், இந்தியாவின் லூயி ஆம்ஸ்ட்ராங் என்றே அவர் புகழப்பட்டார்.

பிறகு 1949ஆம் ஆண்டின் மதுவிலக்குச் சட்டம் வந்தது. ஓட்டல் மேடைகளின் பொலிவு குன்றியது. திரைப்படக் கூடங்கள் அவர்களை அழைத்தன. பெரும்பாலான இந்தி இசையமைப்பாளர்கள் மெட்டு அமைப்பதில் வல்லவர்கள். ஐம்பது, அறுபது கருவிகள் சேர்ந்து வாசிப்பதற்கான இசைத்தாள் எழுதும் பயிற்சி அவர்களுக்கு இல்லை. அந்தப் பயிற்சி கோவாக்காரர்களிடம் இருந்தது. மெட்டைக் கேட்டு, எந்தக் கருவி எங்கே நுழைய வேண்டும், எங்கே ஓய வேண்டும் என்று வகுத்து, ஒவ்வொருவருக்கும் தாள் எழுதித் தந்தவர்கள் அவர்களே. நாட்டுப் பிரிவினைக்கு முன் லாகூரில் ஓட்டல் இசைக்குழு நடத்திய செபஸ்தியான் டிசூசா, 1950களின் தொடக்கம் முதல் சங்கர்–ஜெய்கிஷன் இரட்டையருக்கு இவ்வாறு உழைத்தார். சிக் சாக்கலேட் சி. இராமச்சந்திராவுக்குத் துணைநின்றார், 1951இல் வெளிவந்த ‘அல்பேலா’ படத்தில் தம் குழுவுடன் திரையிலும் தோன்றினார். பிராங்க் பெர்னாண்ட் பல இசையமைப்பாளர்களிடம் உதவியாளராக உழைத்துவிட்டு, தாமே 1963இல் ‘ஆம்செம் நொசீப்’ என்ற கொங்கணிப் படத்தைத் தயாரித்தார். அதற்கு இசையமைத்தவர் கிறிஸ் பெரி.

இந்த நாடே அவர்கள் எழுதிய இசையைக் கேட்டு மயங்கியது. ஆனால் படத்தின் தொடக்கத்தில் ஓடும் பெயர்ப் பட்டியலில் இசையமைப்பாளரின் பெயர் பெரிதாக வரும். இசைத்தாளை எழுதியவரின் பெயர், வந்தால், ‘உதவி’ என்று சிறிதாக வரும். வாசித்தவர்களின் பெயர் வருவதே இல்லை.

இதற்கு மஜோர்டா ஊர்க்காரரான அந்தோணி கொன்சால்வஸை விடச் சிறந்த சான்று வேண்டியதில்லை. 1927இல் பிறந்தவர், தந்தை கோயில் பாடகர் குழுவை நடத்தியவர். திரையுலகில் வயலின் கலைஞராகவும் இசைத்தாள் எழுதுபவராகவும் உயர்ந்த இவர், பியாரேலாலுக்கு வயலின் கற்றுத்தந்த ஆசிரியர். நம் நாட்டு இராகங்களையும் மேலை இசையின் பல குரல் ஒத்திசைவையும் இணைக்க வேண்டும் என்ற பேராவலால் 1958இல் இந்தியச் சிம்பொனி இசைக்குழுவை அமைத்தார். லதா மங்கேஷ்கரும் மன்னா டேயும் அதில் பாடினார்கள். பின்னர் 1960களின் நடுவில் அமெரிக்கா சென்று, திரும்பி வந்து, திரையுலகை விட்டொதுங்கி, தம் ஊரிலேயே அமைதியாக வாழ்ந்து 2012இல் மறைந்தார். 1977இல் ‘அமர் அக்பர் அந்தோணி’ படத்தில் கதாநாயகன் ஒரு பெரிய முட்டைக்குள்ளிருந்து எழுந்து வந்து ஒரு பெயரைச் சொல்லிப் பாடினானே, அந்தப் பெயர் இவருடையது. மாணவர் தம் ஆசிரியருக்குச் செய்த மரியாதை அது. நாடு முழுவதும் அப்பெயரை உச்சரித்தது; நகைச்சுவைப் பாத்திரம் ஒன்றின் பெயராகவே உச்சரித்தது. அப்படி ஒரு மனிதர் மஜோர்டாவில் உயிரோடு இருக்கிறார் என்பதை அறிந்தவர் சிலரே.

பம்பாய்க்காரர்களுக்குக் கூலி கிடைத்தது, பெயர் கிடைக்கவில்லை. நம் ஊர்ப் பேண்டுக்காரருக்குக் கூலியும் இல்லை, பெயரும் இல்லை. சினிமாக்காரனைப் பழிக்க நமக்கு என்ன தகுதி இருக்கிறது?

இனி நம்மவர் சொல்லும் சமாதானங்களை ஒவ்வொன்றாக எடுத்துக்கொள்வோம்.

முதலாவது, “இறைவனுக்குச் செய்யும் பணிக்கு ஊதியம் ஏது?” என்பது. இதைச் சொல்பவர்கள் திருவிவிலியத்தைத் திறந்து பார்க்கட்டும். வேலையாள் தம் கூலிக்கு உரிமை உடையவர் என்று சொன்னவர் இயேசு கிறிஸ்துவே. அதுவும் நற்செய்தி அறிவிக்க அனுப்பப்பட்டவர்களைப் பற்றியே சொன்னார். கொடுக்காமல் பிடித்து வைத்த கூலி கூக்குரலிடுகிறது என்று யாக்கோபு எச்சரிக்கிறார். இலவசமாக வாசிக்க ஒருவர் முன்வருவாராயின் அது அவருடைய காணிக்கை, நன்றியோடு ஏற்போம். அவர் கொடுக்காத காணிக்கையை அவரிடமிருந்து நாம் எடுத்துக்கொண்டால், அதற்குப் பெயர் வேறு. நம்முடைய புண்ணியத்துக்கு அவருடைய வயிற்றைச் செலவு செய்யக் கூடாது.

இரண்டாவது, “இவர்கள் குடிப்பவர்கள், கல்யாணத்திலும் கட்சி ஊர்வலத்திலும் வாசிப்பவர்கள், கோயிலுக்கு உரியவர்கள் அல்லர்” என்பது. ஜாஸ் இசைஞர்கள் மீதும் இதே குற்றம் சாட்டப்பட்டது. அவர்களுள் பலர் போதைக்கும் மதுவுக்கும் இரையானது உண்மை. சார்லி பார்க்கர் என்ற மாபெரும் சாக்சபோன் கலைஞர் 1955இல் இறந்தபோது வயது 34தான். உடலைப் பார்த்த மருத்துவர் ஐம்பதைக் கடந்தவர் என்றே எண்ணினார். ஆனால் அதற்கு அடுத்த கேள்வியையும் கேட்க வேண்டும். இரவு முழுதும் மதுக்கடையில்தான் வாசிக்கலாம், வேறு எங்கும் இடமில்லை என்று ஒரு சமூகம் கலைஞனை நிறுத்திவிட்டு, அவன் மேல் மது வாடை வீசுகிறது என்று முகம் சுளிப்பது எந்த நியாயத்தில் சேரும்?

இங்கே மேரி லூ வில்லியம்ஸ் என்ற பெண்மணியை நினைவுகூர்கிறோம். 1910இல் பிறந்த கறுப்பினப் பியானோ கலைஞர். புகழின் உச்சியில் இருந்தபோதே, 1954இல் பாரிஸ் நகரில், மனம் வெறுத்து மேடையை விட்டு நீங்கினார். செபத்திலும் ஏழைகளுக்கு உதவுவதிலும் நாட்களைக் கழித்தார். 1957இல் கத்தோலிக்கத் திருச்சபையில் திருமுழுக்குப் பெற்றார். அப்போது அவரை அறிந்த குருக்கள், “இந்த இசையை விட்டுவிடு” என்று சொல்லவில்லை. வாசிப்பதையே செபமாக ஒப்புக்கொடுக்கும்படி ஊக்கினார்கள். அவர் மீண்டும் மேடையேறினார். போதையில் வீழ்ந்த இசைஞர்களுக்கு உதவ ஓர் அறநிறுவனம் தொடங்கினார். அதற்குப் பணம் சேர்க்கப் பழைய பொருட்கடை ஒன்றை நடத்தினார். 1962இல் புனித மார்ட்டின் தெ போரஸ் புனிதராக உயர்த்தப்பட்டபோது அவரைப் போற்றி இசை அமைத்தார். 1975இல் நியூயார்க் புனித பேட்ரிக் பேராலயத்தில் அவருடைய ஜாஸ் திருப்பலி இசை ஒலித்தது. 1958இல் இந்தியாவுக்கும் வந்து சென்ற பியானோ கலைஞர் டேவ் புரூபெக், திருப்பலிக்கு இசை அமைத்ததன் வழியாகவே 1980இல் கத்தோலிக்கரானார். கலைஞனை வாசற்படியில் நிறுத்தாமல் உள்ளே அழைத்தால் என்ன விளையும் என்பதற்கு இவர்கள் சான்று.

மூன்றாவது, “பேண்டு அந்நிய இசை, ஆரவாரம், வழிபாட்டுக்குப் பொருந்தாது” என்பது. திருத்தந்தை பத்தாம் பத்திநாதர் 1903இல் வெளியிட்ட திருஇசை பற்றிய ஏட்டில், கோயிலுக்குள் பேண்டு வாசிப்பதைத் தடுத்தது உண்மையே. ஆனால் அதே ஏட்டில், கோயிலுக்கு வெளியே நடக்கும் பவனிகளில், உலகியல் பாடல்களை வாசிக்காமல் இருந்தால், ஆயர் பேண்டு வாத்தியத்தை அனுமதிக்கலாம் என்றும் அவர் எழுதினார். பின்னர் 1963இல் இரண்டாம் வத்திக்கான் சங்கம், ஆர்கன் கருவியை உயர்வாகப் போற்றியதோடு, வழிபாட்டின் மாண்புக்கு ஏற்ற பிற கருவிகளுக்கும் வாயில் திறந்தது. தேருக்கு முன்னால் சினிமாப் பாட்டு ஒலிக்கிறதே என்று வருந்துகிறவர்கள், அந்தப் பாட்டை வாசிக்கச் சொல்லிக் கைதட்டுவது யார் என்பதையும் பார்க்கட்டும். அந்நியம் என்ற சொல்லும் நம் வாயில் நிலைக்காது. வயலின் ஐரோப்பியரிடமிருந்து வந்து கருநாடக இசைக்கே உயிராயிற்று. முத்துசாமி தீட்சிதர் பேண்டு மெட்டுகளைக் கேட்டே நோட்டுசுரப் பாடல்களை இயற்றினார். கத்ரி கோபால்நாத் சாக்சபோனில் கீர்த்தனைகள் வாசித்ததை 2019இல் அவர் மறையும்வரை சபாக்கள் கொண்டாடின. உயர்ந்த மேடையில் ஏறினால் கலை. தெருவில் நடந்தால் ஆரவாரம். நாம் அளப்பது இசையையா, வாசிப்பவனுடைய சாதியையா?

ஆம், மறைத்துப் பேசிப் பயனில்லை. நம் ஊர்களில் பேண்டு வாசிப்பவர்களில் பெரும்பாலோர் தலித் மக்கள். அவர்களுள் நம் சபையினரும் பலர். பறை அடிப்பது கூலிக்குரிய தொழிலாக அன்றி, ஊருக்குச் செய்ய வேண்டிய அடிமைக் கடமையாகவே தலைமுறை தலைமுறையாகக் கருதப்பட்டது. கைக்கு வந்தது கிளாரினெட் ஆனாலும், பார்க்கும் கண் மாறவில்லை. “ஏம்பா” என்று ஒரு முதியவரை அழைத்த அந்த நாவிலிருந்து புண்ணியம் என்ற சொல் வந்தபோது, நாம் கேட்டது பக்தியின் குரல் அன்று; பழைய ஊர்க்கட்டளையின் குரல்.

நான்காவது சமாதானம் இக்காலத்துக்கு உரியது: “ஒரு கீபோர்டும் ஒலிபெருக்கியும் போதுமே, ஏழு ஆட்கள் எதற்கு?” பம்பாயிலும் சென்னையிலும் திரைக்கூடங்களில் இதே சொல் சொல்லப்பட்டது. 1990களில் மின்னணுக் கருவிகள் பெருகியபோது, ஐம்பது வயலின்கள் இருந்த இடத்தில் ஒரு பெட்டி வந்து அமர்ந்தது. சென்னையில் எம்.பி. சீனிவாசன் போன்றவர்கள் இசைக்கலைஞர்களைத் தொழிலாளர்களாக எண்ணிச் சங்கமாகத் திரட்டியிருந்தார்கள். ஆயினும் காலத்தின் வேகத்தை முழுவதும் தடுக்க இயலவில்லை. திரைப்படம் வணிகம், அது செலவைக் கணக்கிடும். திருவிழாவும் வணிகமா? தேருக்கு முன் ஏழு மனிதர்கள் நடந்து ஊதும்போது ஏழு குடும்பங்கள் அந்தத் திருவிழாவில் பங்கு பெறுகின்றன. பெட்டிக்கு ஏது பங்கு? அதைவிடப் பெரிய இழப்பு ஒன்று உண்டு. கற்பிப்பவர் மறைந்தால் கற்பதும் மறையும். கோவாவின் பங்குப் பள்ளி ஒரு தலைமுறையையே வாழவைத்தது. நம் பங்குகளில், ஏழைப் பிள்ளைக்கு இசைத்தாள் படிக்கக் கற்றுத்தரும் வகுப்பு எத்தனை இடங்களில் நடக்கிறது?

பழிப்பது எளிது, ஆகவே செய்யத்தக்கதையும் சொல்லிவிடுகிறோம். பேண்டு குழுவோடு பேசும் தொகையை எழுத்தில் எழுதுவோம். தேர் நிலைக்கு வந்த அன்றே முழுவதும் கொடுப்போம். திருவிழா அழைப்பிதழில் உபயதாரர் பெயர்களை இரண்டு பக்கத்துக்கு அச்சிடுகிறோமே, அதில் வாசிப்பவர்களின் பெயர்களுக்கு ஏழு வரி ஒதுக்குவோம். பந்தியில் அவர்களை நம்மோடு உட்கார வைப்போம். நவம்பர் 22, இசைக்குப் பாதுகாவலியான புனித செசிலியாவின் திருநாளில், பங்கின் மூத்த இசைஞர்களைப் பீடத்தின் முன் அழைத்துச் சிறப்பிப்போம். கோடை விடுமுறையில், அவர்களையே ஆசிரியர்களாக்கி, ஊதியம் தந்து, பிள்ளைகளுக்குக் கற்பிக்கச் செய்வோம். இவற்றுக்கு ஆயரின் ஆணை வேண்டியதில்லை. ரோமாபுரியின் அனுமதியும் வேண்டியதில்லை. வாணவேடிக்கையில் நான்கு வெடிகளைக் குறைத்தால் போதும்.

எக்காளம், யாழ், மத்தளம், நரம்பிசை, புல்லாங்குழல், கைத்தாளம் என்று ஒவ்வொன்றாகப் பெயர் சொல்லி அழைத்து, எல்லாவற்றாலும் இறைவனைப் புகழச் சொல்லியே திருப்பாடல்கள் நூல் நிறைவுறுகிறது. கருவிகளையே பெயர் சொல்லி அழைக்கிறவர், அவற்றை ஏந்திய கைகளைப் பெயரின்றி விடுவாரா?

அந்தப் பெரியவருடைய பேரன் இப்போது லாரியில் கிளீனராகப் போகிறான் என்று கேள்விப்பட்டோம். அதுவும் நேர்மையான உழைப்பே. லாரிக்காரர் அவனுக்குப் புண்ணியத்தைக் கூலியாகக் கொடுக்கமாட்டார். கிளாரினெட் இன்னும் பெரியவரிடம்தான் இருக்கிறது. அடுத்த திருவிழாவுக்கு அவரை அழைக்கப் போகிறவர்கள், முதலில் பழைய பாக்கியைக் கையில் எடுத்துக்கொண்டு போகட்டும். நாமும் உடன் செல்வோம். இம்முறை வாய் திறப்போம்.